கதவுக்கடியில் வைத்த பாம்புகள்

எங்கள் பட்டறையில் ஒட்டுப் போர்வை தைக்கிறோம். சின்னச் சின்னச் சதுரமாகத் துணி வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் ஒரு போர்வை. பெங்களூர் அல்சூரில் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் பட்டறை. போர்வை எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. புதுத்துணியை வெட்டி ஒட்டுப் போட்டதை அங்கே ஆசையாக வாங்குகிறார்கள் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

"கிழிஞ்சதை ஒட்டுப் போட்டா புரியுது. கிழியாததைக் கிழிச்சு ஒட்டுப் போடுறதுக்கு ஒரு கம்பெனியா?" என்பாள்.

ஒவ்வொரு போர்வைக்கும் வெட்டி முடித்த பிறகு மேஜைக்கடியில் துண்டுத் துணி குவிந்திருக்கும். முக்கோணம், நாடா, ஓரக் கரை, விரல் நீளம், விரல் அகலம். கட்டிங் மாஸ்டர் அதைக் காலால் ஒதுக்குவார். சாயங்காலம் பெருக்கி மூட்டை கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அதைப் பார்க்க மனசு கேட்காது. எல்லாம் நல்ல பருத்தி. நீலத்தில் வெள்ளைப் பூ, மஞ்சளில் கடுகு மாதிரிப் புள்ளி. கையில் எடுத்தால் கீழே போட வராது.

பட்டறை முதலாளி மேடத்திடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஒரு வருஷம் போய்விட்டது. நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். ஹோட்டலில் காபி சொல்லி டீ வந்தால் டீயைக் குடித்துவிட்டு வருவேன். கடைசியில் ஒரு நாள் மூட்டைக்குப் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்து மேடமே, "வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாளும் தனியாக ஒரு பையில் போட்டு எனக்காகவே வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாளும். போதும் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம்தான். அதனால் அது நிற்கவே இல்லை.

நாங்கள் இருப்பது ஜோகுபாளையத்தில், ஒரு காம்பவுண்டுக்குள். ஒரு முற்றம், சுற்றி ஐந்து வீடு, பொதுவாக ஒரு குழாய். மாடியில் ஓனரம்மா. எங்கள் வீடு ஒரு ரூமும் சமையலறையும். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனதும் வீட்டில் கொஞ்சம் இடம் வந்தது என்று மனைவி சந்தோஷப்பட்டாள். அந்த இடத்தில் துணி வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை, பீரோ மேல் ஒன்று, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒன்று. வெளியாள் கண்ணில் படக் கூடாது என்று எல்லாவற்றையும் பழைய பெட்ஷீட் போட்டு மூடியிருந்தாள். "வீட்டுக்காரர் குப்பை அள்ளிட்டு வர்றார்னு நாலு பேர் பேசணுமா?"

நானும் சும்மா இருக்கவில்லை. பட்டறையிலிருந்து வந்ததும் வீட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். மிக்ஸிக்கு உறை தைத்தேன். கிரைண்டருக்குத் தைத்தேன். தண்ணீர் கேனுக்கு ஒரு சட்டை. சிலிண்டருக்கு அடியில் சுருக்கு வைத்த பாவாடை. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒன்று, டிவி ரிமோட்டுக்கு ஒன்று. இஸ்திரிப் பெட்டிக்குத் தைத்த உறையைக் கழற்ற மறந்து மனைவி பிளக்கைச் சொருகியதிலிருந்து அதற்கு மட்டும் இல்லை.

"இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் இன்னும் உறை போடல. அதையும் போட்டுடுங்க. எடுத்துப் பரண்ல வச்சுடலாம்" என்றாள்.

போன வருஷம் மழை முடிந்த நேரம். கோலார் தங்கவயலில் இருக்கும் தங்கச்சி வீட்டில் சீமந்தம் என்று மனைவி கிளம்பினாள். பை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்று, விரலைக் கட்டில் பக்கம் நீட்டிச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நான் வரும்போது இந்த மூட்டை ஒண்ணு கூட இருக்கக் கூடாது. இருந்துச்சு, நானே தெருவுல வச்சுக் கொளுத்துவேன். சும்மா சொல்லலை."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. உறை போட வீட்டில் வேறு சாமான் இல்லை. அதோடு, மிஞ்சியிருந்ததில் பெரும்பகுதி ஒட்டுப் போடக்கூட ஆகாத பொடித்துணி.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்குப் புதிதாக ஒரு சாம்பிள் வந்தது. நீளமான துணிக்குழாய், உள்ளே அடைத்த துண்டுத் துணி. குளிர்தேசத்தில் கதவுக்கும் தரைக்கும் நடுவே காற்று வராமல் இருக்க அதைப் போட்டு வைப்பார்களாம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பாம்பு மாதிரி ஒரு முனையில் இரண்டு பட்டன் கண்ணும், சிவப்புத் துணியில் பிளந்த நாக்கும் வைத்திருந்தார்கள். கையில் வாங்கியதுமே எனக்கு எங்கள் காம்பவுண்டு ஞாபகம் வந்துவிட்டது.

காம்பவுண்டு வீட்டுக் கதவுகள் எல்லாம் மழையில் அடிப்பக்கம் உளுத்துப் போனவை. கதவைச் சாத்தினாலும் கீழே கை நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். பின்னால் சாக்கடைச் சந்திலிருந்து பெருச்சாளிகள் மாமனார் வீட்டுக்கு வருகிற மாதிரி வந்துபோகும். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஆணியில் மாட்டியிருந்த காக்கிச் சட்டையின் பையைக் கடித்து, உள்ளே இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனது ஒன்று. பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவர் தினமும் படுக்கப் போகும்முன் கோணிப்பையைச் சுருட்டிக் கதவடியில் திணிப்பார். காலையில் கோணியில் ஓட்டை இருக்கும்.

வெள்ளோட்டமாக எங்கள் கதவுக்கு ஒன்று தைத்தேன். மேல்துணிக்கு நீளம் பத்தவில்லை. மனைவியின் பழைய ஊதாப் பூப்போட்ட நைட்டி ஒன்று கொடியின் ஓரத்தில் கிடந்தது. தோள்பட்டையில் நைந்து, தரை துடைக்கப் போகிற நிலைமை. அதை எடுத்துக்கொண்டேன். உள்ளே பொடித்துணியைத் திணித்தேன். ஒரு குட்டி மூட்டை அப்படியே உள்ளே போய்விட்டது! பெருச்சாளி கடிக்காமல் இருக்க நடுநடுவே காய்ந்த மிளகாய் போட்டேன். கரப்பான்பூச்சிக்குக் கற்பூரம். அந்துப்பூச்சிக்கு வேப்பிலை. அடைத்த பிறகு வாயைக் கையால் தைத்து மூடினேன். கண்ணும் நாக்கும் வேண்டுமா என்று நான் யோசிக்கவில்லை. சாம்பிளில் இருந்தால் வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் சாம்பிளை அப்படியே தைப்பவன்தான் நல்ல டைலர். தன் மூளையைக் கலந்து தைத்தவனை ஒரு தடவை மாஸ்டர் மாடிப்படிவரை துரத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

கதவடியில் உள்பக்கமாகப் போட்டுப் படுத்தேன். காலையில் ஒரு புழுக்கை இல்லை.

அப்புறம் என் கை நிற்கவில்லை. மற்ற நாலு வீட்டுக்கும் தைத்தேன். இவற்றுக்கு மேல்துணியையும் துண்டுகளை ஒட்டியே போட்டேன். ஓனரம்மாவுக்குத் தைக்கவில்லை. அவர் கதவு புது தேக்கு, கீழே கிரானைட். எறும்பே குனிந்துதான் போக வேண்டும். வியாழக்கிழமையோடு எல்லா மூட்டையும் காலி. கட்டிலுக்கடியில் ரொம்ப நாள் கழித்துத் தரை தெரிந்தது.

இனி கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கதவைத் தட்டினால் திறப்பார்கள். திறந்தால் என்ன என்று கேட்பார்கள். "இந்தாங்க, பாம்பு" என்று சொல்வதா? எதுக்கு, எவ்வளவு, உள்ளே வாங்க, டீ குடிங்க என்று பேச்சு வளரும். நினைத்தாலே வேர்த்தது. பேசாமல் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடலாம், கதவடியில் இருப்பதைப் பார்த்தால் எதற்கு என்று தெரியாதா என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை, யாரும் எழுந்திருக்கும்முன், நாலு வாசலிலும் தலையை வலதுபக்கம் வைத்து நேராகப் படுக்கவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் திறந்து சிரிப்பதை நினைத்து நானும் சிரித்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அமாவாசை என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் காலண்டர் பார்ப்பது மனைவி.

சாயங்காலம் வந்தால் முற்றத்தில் கூட்டம். நடுவில் என் பாம்புகள் நாலும் வரிசையாகக் கிடந்தன. மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. ஒன்றின் வயிற்றை ஆட்டோக்காரர் பிளேடால் கிழித்திருந்தார். துண்டுத் துணி, மிளகாய், கற்பூரம், வேப்பிலை எல்லாம் வெளியே கொட்டிக் கிடந்தது. எனக்கு முதலில் தோன்றியது தையலைப் பற்றித்தான். பிரிக்க வேண்டுமென்றால் வாய்ப்பக்கம் ஒரு நூலை இழுத்தால் போதும். வயிற்றைப் போய் யாராவது கிழிப்பார்களா?

"செய்வினைண்ணா" என்றார் ஆட்டோக்காரர், என்னைப் பார்த்ததும். "அமாவாசை அன்னிக்கு, வெள்ளிக்கிழமை, வாசல்படியில. நாங்க எல்லாம் குளோஸ்."

"கண்ணு வச்சிருக்கான் பாருங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "சும்மா யாராவது கண்ணு வைப்பாங்களா? நாக்கைப் பாருங்க, ரத்தச் சிவப்பு. நான் மிதிச்சுட்டேன்ணா! பல்லு விளக்கிட்டு வெளிய வந்தேன், மிதிச்சுட்டேன். அப்ப இருந்து இந்தக் கால் இழுத்துக்கிட்டே இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். "அது வந்து..." என்று ஆரம்பித்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை கண்.

"அண்ணன் பயந்துட்டாரு" என்றார் ஆட்டோக்காரர். "சோடா குடுங்கப்பா யாராச்சும்."

சோடா வந்தது. குடித்தேன்.

"அண்ணா, நீங்க கார்மெண்ட்ஸ்ல மெஷின் ஓட்டுறவரு. நீங்க பாத்து சொல்லுங்க. இது மெஷின்ல போட்டதா, கையில போட்டதா?" என்று ஆட்டோக்காரரே கேட்டார்.

தொழில் விஷயம் என்றால் எனக்குக் கொஞ்சம் வாய் வரும். "உடம்பு மெஷின்ல. வாய் மட்டும் கையில" என்றேன்.

"கேட்டீங்களா!" என்று அக்கா மார்பில் கை வைத்தார். "வாயைக் கையால கட்டியிருக்கான்! வாய்க்கட்டு!"

"இது லோக்கல் ஆள் வேலை இல்லைக்கா. தையல் எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க. கேரளாலருந்து வரவழைச்சிருக்காங்க" என்றார் ஆட்டோக்காரர்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பட்டறையில் இத்தனை வருஷத்தில் யாரும் என் தையலை அப்படிச் சொன்னதில்லை.

அந்தச் சந்தோஷம் குழாயடிவரைதான். தண்ணீர் பிடிக்கப் போனபோது அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"அண்ணா, உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலை. நீங்க வாயில்லாப் பூச்சி. ஆனா நாலு வீட்டு வாசல்லயும் இருக்கு, உங்க வாசல்ல மட்டும் இல்ல. ஏன்?"

நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

"ஊருக்குப் போற அன்னிக்கு உங்க வீட்டம்மா இதே குழாய்கிட்ட எங்களோட சண்டை போட்டாங்க. 'போய்ட்டு வந்து வச்சுக்குறேன் உங்களை'ன்னாங்க. அவங்க போன இடம் தங்கவயல். அங்க இதெல்லாம் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்களாம். நான் சொல்லலை, எல்லாரும் சொல்றாங்க."

என் மனைவி குழாயடியில் சண்டை போடுவாள், அது உண்மை. ஆனால் அதே அக்காவுக்கு டைஃபாய்டு வந்தபோது இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் சிரித்துக்கொண்டு வந்து இறங்குவாள், சீமந்தத்தில் கொடுத்த வளையலும் பலகாரமும் எடுத்து வந்து வீடுவீடாகக் கொடுப்பாள். யாரும் வாங்க மாட்டார்கள். சூனியக்காரி என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அன்றைக்கு அவள் போனில் கேட்டாள். "என்ன, அங்க எல்லாம் நல்லா இருக்கா?"

"ம்."

"மூட்டை?"

"காலி."

"நிஜமாவா?" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்காமல் போனை வைத்தேன்.

படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. எங்கள் வாசலில் பாம்பு இல்லை என்பதுதானே குற்றம்? வைத்துவிட்டால்? எங்கள் கதவுக்கு உள்பக்கம் கிடந்த நைட்டிப் பாம்பை எடுத்து, சனிக்கிழமை விடியலில் வெளிவாசலில் போட்டேன். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். யாராவது பார்த்துக் கத்தும்வரை காத்திருந்தேன்.

கத்தினார்கள்.

"ரெண்டாவது நாளும்! இப்ப அண்ணன் வீட்ல! இது பெரிசா இருக்கு!"

என் மனைவி தப்பித்தாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஆட்டோக்காரர் மெதுவாகத் தலையை மாடிப் பக்கம் திருப்பினார். "கீழ அஞ்சு வீட்டுக்கும் வந்தாச்சு. மேல மட்டும் ஏன் வரலை?"

எல்லோரும் மாடியைப் பார்த்தார்கள். போன மாதம் ஒரு பில்டர் வந்து முற்றத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனது ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது. எங்களைக் கிளப்பிவிட்டு நாலு மாடி கட்டப் போகிறார் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. "சும்மா போங்கன்னா போக மாட்டோம்னு இப்படி ஓட்டப் பாக்குறாங்க" என்றார் அக்கா, மாடிக்குக் கேட்கிற மாதிரி.

ஓனரம்மா கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். படியில் பாதியில் நின்றுகொண்டு கத்தினார்.

"ஏன்ரீ, நானு சூனியம் வெக்கிறவளா? என் வீட்டுக்கு முன்னாடி நின்னு என்னையே பேசுறீங்களா? சாக்கு சாக்கு! போதும்! எல்லாரும் காலி மாடி, காலி பண்ணுங்க. வர்ற மாசம் ஒருத்தரும் இங்க இருக்கக் கூடாது."

ஒரு மனைவியைக் காப்பாற்றப் போய் ஐந்து குடும்பத்தையும் தெருவில் நிறுத்திவிட்டேன். இந்தக் காலத்தில் ஜோகுபாளையத்தில் இந்த வாடகைக்கு யார் வீடு கொடுப்பார்கள்? படியேறிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். "அம்மா, அது நான் தைச்சது" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய், பெல்லையும் அடித்துவிட்டேன். அவர் கதவைத் திறந்து "ஏனு?" என்றார். "மோட்டார் போடணும், தண்ணி வரல" என்றேன். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோக்காரர் தன் ஆட்டோவிலேயே பூசாரியைக் கூட்டி வந்தார். அடுத்த தெரு அம்மன் கோயில் பூசாரி. எலுமிச்சம்பழம், பூசணிக்காய், ஒரு தட்டு குங்குமம். பாம்புகளைச் சுற்றிக் கோடு போட்டார். குனிந்து ஒன்றொன்றாகப் பார்த்தார். நைட்டிப் பாம்பின் முகத்துக்கு நேராக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"வலுவான கட்டு" என்றார். "திருப்பி விட்டுடலாம். இதைச் செஞ்சது எந்தக் கையோ அந்தக் கை ரெண்டும் இன்னையிலருந்து விளங்காமப் போயிடும். ஊசி நூல் கூடக் கோக்க முடியாது."

நான் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்குச் செய்வினையில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் தெரிந்தது ஒரே தொழில். அந்த ஒரு தொழிலுக்கு உள்ளதும் இந்த இரண்டு கைதான்.

அவர் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கினார். அப்போதுதான் கேட் சத்தம். கையில் இரண்டு பையோடு என் மனைவி நின்றாள்.

"என்ன கூட்டம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கோட்டுக்குள் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

"அய்யோ! இது என் நைட்டி!"

பூசணிக்காய் அந்தரத்தில் நின்றது.

"ஆமாவா?" என்றார் அக்கா. "பாத்தீங்களா? உடுத்துன துணியை எடுத்துத்தான் வைப்பாங்கன்னு நான் சொல்லலை? குறியே உங்களுக்குத்தான்க்கா வச்சிருக்காங்க!"

வெள்ளிக்கிழமை என் மனைவியைச் சூனியக்காரி என்று சொன்னவர், இப்போது அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நொடியே சிவந்தும் விட்டது.

"கொடியில கிடந்ததை எவ எடுத்தா?"

யாரோ மாடியைக் காட்டினார்கள். ஓனரம்மா படியில் நின்றுகொண்டிருந்தார். என் மனைவி புடவையை இழுத்துச் சொருகினாள். அவள் அப்படிச் சொருகினால் என்ன நடக்கும் என்று குழாயடிக்கே தெரியும். இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் அப்புறம் எதுவும் சேராது. வீடும் போய்விடும்.

"நான்தான்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அதற்கு மேல் சத்தம் வரவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் கோட்டைத் தாண்டிப் போய் நைட்டிப் பாம்பைத் தூக்கினேன்.

"அண்ணா, தொடாதீங்க!" என்று ஆட்டோக்காரர் அலறினார். பூசாரி பூசணிக்காயோடு ஒரு அடி பின்னால் போனார்.

நான் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். தரையில் உட்கார்ந்து, பாம்பைக் கதவடியில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தினேன். வெளியே இருந்து வந்த வெளிச்சக் கோடு மறைந்தது. என் முன்னால் வெறும் பலகை. ஒரு முகமும் இல்லை. எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறை, துண்டுத் துணி, சாம்பிள், பெருச்சாளி, மிளகாய் எதற்கு, கற்பூரம் எதற்கு. கண்ணும் நாக்கும் நான் சேர்த்ததில்லை, சாம்பிளில் இருந்தது என்றேன். அமாவாசை எனக்குத் தெரியாது என்றேன். ஓனரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்றேன். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. முடித்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன்.

வெளியே மனைவி கத்தினாள்: "என்ன முணுமுணுக்குறீங்க? ஒண்ணும் கேக்கலை! அந்தப் பாம்பை எடுத்துட்டுப் பேசுங்க!"

அவ்வளவு நன்றாக அடைத்திருந்தது.

பாம்பைக் கொஞ்சம் நகர்த்தி, சந்துக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நகர்த்திய சந்தில் எனக்கு எல்லோருடைய கால்களும் தெரிந்தன. முதலில் ஒன்றும் அசையவில்லை. மிளகாய் இடத்துக்கு வந்தபோது ஒரு ஜோடி கால் கிட்ட வந்தது. மனைவியின் கால். அமாவாசை இடத்தில் ஆட்டோக்காரரின் செருப்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தொறங்க" என்றாள் மனைவி.

திறந்தேன். அவள் உள்ளே வந்து முதலில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். தரை தெரிந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "அந்த நைட்டி இன்னும் ஒரு வருஷம் வந்திருக்கும்" என்றாள். அவ்வளவுதான் திட்டு.

"அப்ப என் கால் இழுத்தது?" என்று அக்கா வெளியே கேட்டுக்கொண்டிருந்தார். "அது எதனால?"

"உள்ளே தடியா அடைச்சிருக்கு இல்லக்கா. தெரியாம மிதிச்சு சுளுக்கியிருக்கும்" என்றார் ஆட்டோக்காரர். பிறகு என்னிடம் வந்து, வயிறு கிழிந்த பாம்பை நீட்டினார். "நேர்ல குடுத்திருந்தா என்னண்ணா? சரி, இதைத் தைச்சுக் குடுங்க. இது என் வீட்டோடது."

ஓனரம்மா படியிறங்கி வந்தார். அவர் முகத்தில் கோபம் இன்னும் இருந்தது, ஆனால் வேறு கோபம். "அஞ்சு வீட்டுக்குத் தெச்சியே. எனக்கு ஏன் தெக்கலை?"

"உங்க கதவுல சந்து இல்லைங்கம்மா."

"சந்து இல்லைன்னா என்னப்பா? எல்லாருக்கும் குடுத்து எனக்கு மட்டும் இல்லையா? அவ்ளோ வேண்டாதவளா நானு?"

"தைச்சுத் தர்றேம்மா" என்றேன். வீடு காலி செய்யும் பேச்சை அவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

பூசாரிக்குக் கை வலித்திருக்க வேண்டும். தூக்கினதைச் சும்மா இறக்கக் கூடாது என்று பெருச்சாளிகள் பெயரைச் சொல்லிப் பூசணிக்காயை உடைத்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோயில் கதவடியிலும் சந்து இருக்கிறது என்றார். கண் மட்டும் வேண்டாம் என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மனைவியும் நினைத்தாள். கட்டிலுக்கடியைப் பெருக்கித் துடைத்து, ஊரிலிருந்து கொண்டு வந்த பைகளை அங்கே தள்ளி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் பைகள். ஒன்றில் பழைய காக்கிச் சட்டைகள். ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் நீலப் புடவை, கிழிந்த தலையணை உறை, ஒரு திரைச்சீலை. இன்னொன்றில் யார் வீட்டுப் பழைய பாவாடைகளோ. கடைசி வீட்டார் ஒரு மெத்தையையே சுருட்டி வைத்திருந்தார்கள். முற்றத்தில் ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் மட்டும் திரை லேசாக ஆடியது.

"நேர்ல குடுக்கக் கூச்சமாம்" என்றாள் மனைவி, எல்லா ஜன்னலுக்கும் கேட்கும்படி. "இவரைப் பாத்து எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு."

பிறகு என் பக்கம் திரும்பி, ஒன்றையும் உள்ளே எடுக்கக் கூடாது என்று விரலை நீட்டினாள். நான் தலையாட்டினேன். அவள் பால் வாங்கப் போனாள்.

ஓரத்தில் ஒரு சின்னப் பை இருந்தது. மாடியிலிருந்து வந்திருக்க வேண்டும். சும்மா பார்க்கலாம் என்றுதான் பிரித்தேன். மைசூர்ப் பட்டு, ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டுகள். மயில் கழுத்து நிறம், அரக்கு, ஓரத்தில் மெல்லிசு ஜரிகை. ஒரு துண்டும் ஒரு சாணுக்கு மேல் இல்லை. கையில் எடுத்தேன். கீழே போட வரவில்லை. அவள் பாலோடு திரும்புவதற்குள் அதை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.